வீட்டு மொழியும் ஏட்டு மொழியும்: கே. எஸ். மணியத்தின் எழுத்துலகம்

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில் உள்ள ரெங்கம், இரயில் பாதையை ஒட்டி அமைந்த ஒரு சிற்றூர். அதைச் சுற்றித் தோட்டங்கள் உள்ளன. ஒரு காலத்தில் இரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தீபகற்பத்தின் மறுமுனையில், கெடா மாநிலத்தில், பீடோங் என்னும் சிற்றூர் உள்ளது. அதையும் தோட்டங்களே சூழ்ந்திருந்தன. அங்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மரம் சீவினர்; சிறுகடை நடத்தினர்; மருத்துவமனையிலும் சாலையிலும் இரயில் பாதையிலும் உழைத்தனர்.

அந்தப் பீடோங்கில் 1942ஆம் ஆண்டு பிறந்தவர் சுப்பிரமணியம் கிருஷ்ணன். கே. எஸ். மணியம் என்னும் பெயரில் அவர் நாவல்களும் சிறுகதைகளும் நாடகங்களும் எழுதினார். மலேசிய இந்தியர்களின் வாழ்க்கையை ஆங்கில இலக்கிய வாசகர்கள் அறியச் செய்தவர்களுள் அவர் முதன்மையானவர்.

ஆங்கிலத்தில் எழுதிய ஒருவரைப் பற்றித் தமிழ் வகுப்பில் ஏன் படிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்வி. அவருடைய கதைகளில் வரும் பாட்டியும் தந்தையும் தோட்டத் தொழிலாளியும் நம் வீட்டு மனிதர்கள். மேலும், ஒரு மொழியைக் கற்பதற்காக இன்னொரு மொழியை விட்டுவிட நேர்ந்தால் மனிதனுக்கு என்ன நேர்கிறது என்னும் கேள்வியை அவர் வாழ்நாள் முழுவதும் எழுதிப் பார்த்தார். இடைநிலைப்பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுத்துப் பயிலும் உங்களுக்கு அந்தக் கேள்வி புதிதன்று.

சலவைத் தொழிலாளியின் மகன்

மணியம் பிறந்த ஆண்டில் மலாயா ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அவருடைய குடும்பம் உழைக்கும் குடும்பம். பாட்டி இந்தியாவிலிருந்து தம் பிள்ளைகளுடன் கடல் கடந்து வந்தவர். தந்தை அரசாங்க மருத்துவமனையில் சலவைத் தொழிலாளியாக இருந்தார். நோயாளிகளின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் துவைத்து, உலர்த்தி, பெட்டிபோட்டுக் கொடுப்பது அவர் வேலை.

இந்தச் சூழலை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். மலேசியத் தமிழர் வாழ்க்கை என்றதும் தோட்டத்து லயமும் பால்வாளியுமே நம் நினைவுக்கு வரும். மணியம் வளர்ந்த இடமோ தோட்டத்திற்கும் பட்டணத்திற்கும் இடைப்பட்டது. மருத்துவமனை ஊழியர்கள் வரிசை வீடுகளில் வசித்தனர். யார் எந்தப் பதவியில் இருக்கிறார், யார் யாருக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்பது அங்கே எழுதப்படாத சட்டமாக இருந்தது. துணி துவைப்பவரின் மகன் அந்த ஏணியின் கீழ்ப்படியில் நின்றுதான் உலகைப் பார்க்கத் தொடங்கினான். கீழ்ப்படியில் நிற்பவனுக்கு மேலே நிற்பவர்களின் நடையும் பேச்சும் நன்றாகத் தெரியும். பிற்கால எழுத்தாளருக்கு வேண்டிய கூர்மையான பார்வை இங்கே உருவாயிற்று எனலாம்.

வீட்டில் விளக்கேற்றும் வழக்கம், கோயில் திருவிழா, பெரியவர்கள் சொல்லும் ஊர்க்கதைகள், சடங்குகள் ஆகியவை அவருடைய முதல் பாடநூல்கள். அவர் எழுத்தில் பின்னாளில் வரும் விளக்கு, கோலம், உடுக்கை, தெய்வ உருவங்கள் ஆகியவை இந்தச் சூழலிலிருந்து வந்தவை.

ஓராண்டுத் தமிழ்ப்பள்ளி

மணியம் தமிழ்ப்பள்ளியில் ஓராண்டுதான் படித்தார். அதன்பின் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். சுங்கைப்பட்டாணியில் உள்ள இப்ராஹிம் பள்ளியில் தம் பள்ளிக் கல்வியை முடித்தார்.

இந்த மாற்றத்தின் பொருளை அறிய அக்காலப் பள்ளி அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியில் தமிழ்ப்பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கக் கல்வியோடு நின்றன. தோட்டத்துப் பள்ளியில் படித்த பிள்ளை மீண்டும் தோட்டத்து வேலைக்கே சென்றது. ஆங்கிலப் பள்ளிகளோ பட்டணங்களில் இருந்தன. அவற்றில் படித்தவர்கள் எழுத்தராகவும் ஆசிரியராகவும் மருத்துவமனை உதவியாளராகவும் ஆகலாம். ஆகவே, பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்ப்பது என்பது குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் முயற்சி.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. தமிழ் எழுத்துகளை இப்போதுதான் பழகிய கை, வேறு எழுத்துகளைப் பழக வேண்டியதாயிற்று. வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் இன்னொரு மொழி. வீட்டில் கேட்ட கதைகளுக்கு வகுப்பில் இடமில்லை. வகுப்பில் படித்த கதைகளுக்கு வீட்டில் பொருளில்லை.

பயிற்சி ஆசிரியராவதற்காக மணியம் 1962ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். அக்காலத்தில் மலாயா ஆசிரியர்களுக்காக அங்கே கல்லூரிகள் நடத்தப்பட்டன. அவற்றுள் ஒன்றான, உல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகில் இருந்த பிரின்ஸ்ஃபோர்டு லாட்ஜ் கல்லூரியில் ஈராண்டு பயின்றார். நாடு திரும்பியதும் கெடாவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று 1973இல் இளங்கலைப் பட்டமும் 1979இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1980 முதல் 1997 வரை அதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

பாட்டியின் வீடு: முதல் நாவல்

அவருடைய முதல் நாவல் ‘தி ரிட்டர்ன்’ 1981இல் வெளிவந்தது. ‘திரும்பி வருதல்’ என்பது அத்தலைப்பின் பொருள். மணியத்தின் சொந்த வாழ்க்கைச் சுவடுகள் நிறைந்த நாவல் இது. கதையைச் சொல்பவன் ரவி என்னும் இளைஞன்.

கதை ரவியின் பாட்டியிடம் தொடங்குகிறது. அவரைப் பெரியத்தாய் என்று அழைக்கின்றனர். மூன்று மகன்களுடன் இந்தியாவிலிருந்து வந்த அவர், துணி விற்றும் சிறுதொழில் செய்தும் பிள்ளைகளை வளர்க்கிறார். தமக்கென ஒரு வீடு கட்டுகிறார். விளக்கும் நடராசர் உருவமும் வைத்து அங்கே வழிபடுகிறார். ஆனால், வீடு நிற்கும் நிலத்திற்குப் பட்டா இல்லை. உழைத்து உருவாக்கிய வீடு தம்முடையதுதான் என்று மனம் சொல்கிறது. அதை உறுதிசெய்யும் காகிதம் மட்டும் கைக்கு வருவதில்லை. அந்த ஏக்கத்தோடே அவர் மறைகிறார்.

இரண்டாம் தலைமுறை ரவியின் தந்தை நயினா. அவர் சலவைத் தொழிலாளி. தாயின் கனவு மகனைத் தொற்றிக்கொள்கிறது. பிற்காலத்தில் நயினா தம் கையாலேயே ஒரு நிலத்தைத் திருத்தி, அதில் வீடு கட்டி, இந்த மண்ணில் வேரூன்ற முயல்கிறார். அதற்கும் உரிமைப் பத்திரம் இல்லை. அவருடைய முடிவு நாவலின் மிகத் துயரமான பகுதி.

மூன்றாம் தலைமுறை ரவி. அவன் ஆங்கிலப் பள்ளியில் மிஸ் நான்சி என்னும் ஆசிரியையிடம் படிக்கிறான். ஆங்கிலேயச் சிறுவர் கதைகளின் உலகம் அவனை மயக்குகிறது. படிப்பில் உயர்கிறான்; இங்கிலாந்து சென்று ஆசிரியராகத் திரும்புகிறான். உயர உயர வீட்டிலிருந்து விலகிச் செல்கிறான். தந்தையின் நிலப்பசி அவனுக்குப் புரியவில்லை. மகனின் புதிய உலகம் தந்தைக்குப் புரியவில்லை. ஒரே வீட்டில் இருவரும் இரு கரைகளில் நிற்கின்றனர்.

இந்த நாவலில் மணியம் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆங்கிலக் கல்வி ரவிக்கு ஊணும் உயர்வும் தந்தது என்பதை மறைக்கவில்லை. அது அவனிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதையும் மறைக்கவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லியதே நாவலின் வலிமை.

இங்கே ஒரு முரணையும் நாம் கவனிக்க வேண்டும். பெரியத்தாயைப் போன்ற ஒரு பாட்டி, தம்மைப் பற்றி எழுதப்பட்ட இந்த நாவலை எடுத்துப் படித்திருக்க இயலாது. அது அவர் அறியாத மொழியில் உள்ளது. பாட்டியின் வாழ்க்கையைப் பேரன் உலகிற்குச் சொன்னான். பாட்டிக்குச் சொல்ல இயலவில்லை. ஒரு மொழியை இழப்பதன் பொருள் இதைவிடத் தெளிவாக விளங்காது.

அயல்மொழியில் சொந்த உலகம்

ஓர் எழுத்தாளர் உருவாக இரண்டு வகையான தாக்கங்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, எதை எழுதுவது என்பதைத் தருவது. மற்றொன்று, எப்படி எழுதுவது என்பதைத் தருவது. மணியத்திற்கு முதலாவதைப் பீடோங் தந்தது. இரண்டாவதை ஆங்கில இலக்கியக் கல்வி தந்தது. நாவலின் கட்டமைப்பு, கதைசொல்லியின் உள்மனத்தை வெளிப்படுத்தும் முறை, குறியீடுகளைக் கையாளும் நுட்பம் ஆகியவற்றை அவர் அக்கல்வி வழியாகப் பெற்றார். ஆனால், அக்கருவிகளைக் கொண்டு அவர் இலண்டன் தெருக்களைப் பற்றி எழுதவில்லை. பெட்டிபோடும் தந்தையைப் பற்றி எழுதினார்.

இதில் அவர் தனித்து நிற்கவில்லை. உலகின் பல பகுதிகளில் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்டிருந்த மக்கள் இதே சிக்கலைச் சந்தித்தனர். தமிழரான ஆர். கே. நாராயண், மால்குடி என்னும் கற்பனை ஊரை ஆங்கிலத்தில் படைத்தார். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜா ராவ், 1938இல் வெளிவந்த ‘காந்தபுரா’ நாவலில் இந்தியக் கிராமத்துப் பாட்டி கதை சொல்லும் நடையை ஆங்கிலத்தில் கொண்டுவர முயன்றார். நைஜீரியாவின் சினுவா அச்செபே, இக்போ மக்களின் பழமொழிகளையும் வழக்கங்களையும் 1958இல் தம் முதல் நாவலில் ஆங்கிலத்தில் பதிவுசெய்தார். இவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தைத் தம் ஊர்ப் பேச்சுக்கேற்ப வளைத்தனர்.

மணியமும் அவ்வாறே செய்தார். ‘தி கோர்ட்’ என்னும் அவருடைய நாடகம் தோட்டப்புறத்தைக் களமாகக் கொண்டது. அதில் வரும் முனியாண்டி ஒரு தோட்டத் தொழிலாளி. நாடகத் தலைப்பிலுள்ள ஆங்கிலச் சொல் கயிற்றையும் குறிக்கும். தாயையும் சேயையும் இணைக்கும் கொடியையும் நினைவூட்டும். பழைய மண்ணோடு உள்ள பிணைப்பு உயிர் தருவதா, கட்டிப்போடுவதா என்னும் வினா அந்த ஒரு சொல்லிலேயே அடங்கியிருக்கிறது.

அதே காலப்பகுதியில் தமிழிலும் இந்த வாழ்க்கை எழுதப்பட்டது. கெடா மாநிலத்தைச் சேர்ந்த சீ. முத்துசாமி, தோட்டப்புற மனிதர்களைத் தமிழிலேயே சிறுகதைகளாகவும் நாவல்களாகவும் படைத்தார். தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது 2017இல் அவருக்கு வழங்கப்பட்டது. ஒரே மாநிலம், ஒத்த அனுபவம், இரு மொழிகள். தமிழில் எழுதியவருக்குத் தோட்டத்துப் பேச்சு அப்படியே கைகொடுத்தது. ஆங்கிலத்தில் எழுதியவருக்குப் பிற இன வாசகர்களும் பிற நாட்டு வாசகர்களும் கிடைத்தனர். இருவரையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் முழுப்படம் தெரிகிறது.

புலியும் பச்சோந்தியும்

மணியத்தின் சிறுகதைகளுள் புகழ்பெற்றது ‘ஹாண்டிங் தி டைகர்’. 1990ஆம் ஆண்டு நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ் தொடர்புடைய சிறுகதைப் போட்டியில் அது முதற்பரிசு பெற்றது. 1996இல் வெளிவந்த தொகுப்பும் அதே பெயரைத் தாங்கியது.

ஆங்கிலத்தில் வேட்டையாடுதலைக் குறிக்கும் சொல்லுக்கும், ஆவி போல விடாமல் தொடர்தலைக் குறிக்கும் சொல்லுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. வேட்டையைப் பற்றிய கதைக்கு மணியம் இரண்டாவது சொல்லைத் தலைப்பாக வைத்தார். பிடிக்க நினைத்த புலியைக் கதைத்தலைவன் பிடிக்கவில்லை. அதன் நினைவே அவனை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

கதைத்தலைவன் பெயர் முத்து. மலாயாவில் பிறந்தவன். அவனுடைய பெற்றோர் இந்தியாவை நினைத்து ஏங்குகின்றனர். அவனுக்கோ பிறந்த மண்ணையே முழுமையாகத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஆசை. துப்பாக்கியுடன் காட்டிற்குள் செல்கிறான். சுல்கிப்லி என்னும் மலாய்க்காரர் அவனுக்கு வழிகாட்டுகிறார். ஆனால், காட்டின் இயல்போடு ஒன்றாத ஏதோ ஒன்று முத்துவிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலி அவனுக்கு அகப்படுவதில்லை.

புலி இங்கே வெறும் விலங்கன்று. ஒரே காட்டில் வேர்கொண்டு, அதற்கு மட்டுமே உரிய உயிராக வாழும் நிலையை அது குறிக்கிறது. கதையில் பச்சோந்தியும் வருகிறது. சூழலுக்கேற்ப நிறம் மாற்றி, பல இடங்களிலும் வாழத் தெரிந்த உயிர் அது. தமிழில் ஒருவரைப் பச்சோந்தி என்றால் அது ஏச்சு. நேரத்திற்கேற்ப நிறம் மாறுபவர் என்று பொருள். மணியமோ அதே உயிரை வேறு கண்ணோடு நோக்கினார். புலம்பெயர்ந்தோர் வாழ்க்கையைப் பற்றி எழுதிய கட்டுரையொன்றிலும் புலி, பச்சோந்தி ஆகிய இரு வழிகளை அவர் எதிரெதிரே வைத்து விளக்கினார். ஒரே பண்பாட்டிற்குள் மட்டும் அடைபட்டு வாழாமல், பல பண்பாடுகளில் இயல்பாகப் புழங்கும் மனிதனை அவர் கற்பனை செய்தார்.

பல்லின மக்கள் வாழும் நம் நாட்டில் இந்தச் சிந்தனை பொருள் மிக்கது. காலையில் மலாய்மொழியில் பாடம் படித்து, ஓய்வு நேரத்தில் சீன நண்பருடன் பேசி, மாலையில் வீட்டில் தமிழ் பேசும் மாணவர் நாள்தோறும் பல உலகங்களுக்குள் நுழைந்து வெளிவருகிறார். அது குறையன்று, ஒரு திறன். ஆனால், ஒரு செய்தியை மறக்கக்கூடாது. பச்சோந்தி எத்தனை நிறம் மாறினாலும் அதன் கால்கள் ஏதேனும் ஒரு கிளையைப் பற்றிக்கொண்டுதான் இருக்கும்.

நிலத்தை விட மறுத்த செல்லம்மா

இரண்டாவது நாவலான ‘இன் எ ஃபார் கன்ட்ரி’ 1993இல் வெளிவந்தது. அதில் ராஜன் என்பவர் தம் கடந்த காலத்தைத் திரும்பிப் பார்க்கிறார். வாழ்க்கையில் முன்னேறிய பின்னரும் தம் நாடு எது, தம் இடம் எது என்னும் தேடல் அவரை விடவில்லை. அவருடைய நினைவில் கடல் கடந்து வந்த தந்தையும் பிற இனத்து நண்பர்களும் வருகின்றனர்.

மூன்றாவது நாவல் 2003இல் வெளிவந்த ‘பிட்வீன் லைவ்ஸ்’. இதில் சுமித்ரா என்னும் இளம்பெண் சமூகப் பணித்துறையில் வேலை செய்கிறாள். செல்லம்மா என்னும் மூதாட்டி தம் நிலத்தைவிட்டு நகர மறுக்கிறார். அந்த நிலம் மேம்பாட்டுத் திட்டத்திற்குத் தேவைப்படுகிறது. மூதாட்டியைச் சமாதானப்படுத்தி வெளியேற்றும் பொறுப்புடன் சுமித்ரா அங்கே செல்கிறாள். நாள்தோறும் அவர் சொல்லும் கதைகளைக் கேட்கக் கேட்க அவள் மனம் மாறுகிறது. பேச வைக்கச் சென்றவள் கேட்பவளாகிறாள். வெளியேற்றச் சென்றவள் நிலத்தைக் காக்க நிற்கிறாள்.

முதல் நாவலையும் மூன்றாவது நாவலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் நிலத்தோடு பிணைந்த ஒரு மூதாட்டி இருக்கிறார். இரண்டிலும் படித்த ஓர் இளையவர் இருக்கிறார். ரவி பாட்டியின் உலகிலிருந்து விலகிச் சென்றான். சுமித்ராவோ மூதாட்டியின் அருகில் அமர்ந்து கேட்டாள். இரண்டு நாவல்களுக்கும் இடையே இருபத்திரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் எழுத்தாளர் கடந்த தொலைவை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

புலம்பெயர்ந்த தெற்காசிய மக்களின் இலக்கியத்திற்கு ஆற்றிய பங்களிப்புக்காக, ராஜா ராவ் பெயரில் நிறுவப்பட்ட விருது 2000ஆம் ஆண்டு புதுடில்லியில் மணியத்திற்கு வழங்கப்பட்டது. அவ்விருதை முதன்முதலில் பெற்றவர் அவரே. மணியம் 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் காலமானார்.

நமக்கு உரிய பாடம்

மணியத்தின் வாழ்க்கையிலிருந்து, ஆங்கிலம் படித்தால்தான் உயர முடியும் என்று ஒருவர் முடிவு செய்யலாம். ஆங்கிலம் படித்ததால் வேரை இழந்தார் என்று இன்னொருவர் முடிவு செய்யலாம். அவர் எழுத்தை முழுமையாகப் படித்தால் இரண்டு முடிவுகளும் அரைகுறை என்பது தெரியும். கல்வி அவருக்குக் கருவியைத் தந்தது. ஆனால், அந்தக் கருவியால் செதுக்குவதற்கு வேண்டிய மரம் பாட்டியின் வீட்டுக் கொல்லையில்தான் நின்றது.

அவருக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அக்காலத்துச் சிறுவன் தமிழ்ப்பள்ளி, ஆங்கிலப் பள்ளி ஆகிய இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தது. இன்று நீங்கள் மலாய்மொழியையும் ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்டே தமிழையும் இடைநிலைப்பள்ளியில் தொடர முடியும். அதற்குக் கூடுதல் நேரமும் உழைப்பும் தேவைப்படலாம். ஆனால், ஒன்றைப் பெற இன்னொன்றைக் கைவிட வேண்டிய கட்டாயம் இல்லை.

ரெங்கத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பெரியத்தாய்களும் செல்லம்மாக்களும் இருக்கிறார்கள். மரம் சீவிய காலம், இரயிலில் வந்திறங்கிய நாள், முதல் வீடு, முதல் பட்டா எனச் சொல்வதற்கு அவர்களிடம் எவ்வளவோ இருக்கும். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே கேட்டு, அவர்கள் படித்துப் பார்க்கும்படி, அல்லது படித்துக் காட்டக் கேட்கும்படி, அவர்கள் மொழியிலேயே எழுத உங்களால் முடியும். ரவியால் செய்ய இயலாத செயல் அது.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. ரவி, சுமித்ரா ஆகிய இருவரும் முதியவர்களோடு கொண்ட உறவில் காணப்படும் வேறுபாடு யாது? அவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன என்று கருதுகிறீர்?

2. ‘பச்சோந்தி’ என்னும் சொல் தமிழில் வழங்கும் பொருளுக்கும் மணியம் அதைக் கையாண்ட பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. தம் சமூகத்தின் வாழ்க்கையை வேறொரு மொழியில் எழுதுவதால் ஏற்படும் நன்மை ஒன்றையும் இழப்பு ஒன்றையும் எடுத்துக்காட்டுடன் கூறுக.

4. உம் குடும்பத்திலோ வட்டாரத்திலோ உள்ள முதியவர் ஒருவரிடம் அவருடைய இளமைக்கால வாழ்க்கையைக் கேட்டறிந்து, 150 சொற்களில் தமிழில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுக.